எலி எடுக்க நாள் பார்த்த கதை

1

இரண்டு எலிகளை வீட்டுக்குக் கொண்டுவர நாள் குறிப்பதற்காக, அப்பா எப்போது சாவார் என்று அக்காவிடம் தொலைபேசியில் கேட்டவன் நான். இதைக் கொஞ்சம் மெருகேற்றி, 'அப்பாவின் உடல்நிலை பற்றி விசாரித்தேன்' என்றும் எழுதலாம். பொய் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பத்திரிகை எங்கள் ஊரான பனிச்சங்கேணிக்கும் போகிறது, அக்காவுக்கு வாசிக்கத் தெரியும். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவதுதான் எனக்குப் பாதுகாப்பு.

எழுதத் தூண்டியது ஒரு கேக். எலிகள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆனதைப் போன ஞாயிற்றுக்கிழமை மகள் ஆரணி கொண்டாடினாள். கரட்டும் ஓட்ஸும் குழைத்துச் சுட்ட கேக், கட்டைவிரல் பருமன். விருந்தாளிகள் அதைப் பார்த்த மாத்திரத்தில் இழுத்துக்கொண்டு கூட்டின் மூலைக்குப் போய்விட்டார்கள். தைக் கடைசியில் அப்பாவின் ஆட்டைத் திவசம், முதல் வருஷ நினைவு, வருகிறது. அதற்கு யார் என்ன சமைப்பது என்று எங்கள் வீட்டில் இன்னும் எவரும் கதைக்கத் தொடங்கவில்லை.

சுவிஸில் நாங்கள் இருக்கும் சிறிய ஊரில், கைவிடப்பட்ட விலங்குகளுக்கு ஒரு காப்பகம் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் தனித்தனிக் கட்டடங்கள், எலிக்கு வெப்பம் ஏற்றிய ஓர் அறை. ஆரணிக்கு அப்போது பதினான்கு வயது. நாய் கேட்டாள், மறுத்தோம். பூனை கேட்டாள், மறுத்தோம். பேரம் பேசத் தெரிந்த பிள்ளை. படிப்படியாக இறங்கி எலியில் வந்து நின்றாள். அதற்கும் கீழே போனால் கரப்பான்தான் என்று பயந்து நான் தலையாட்டினேன். மனைவி, சமையலறைக்குள் அது கால் வைத்தால் தான் வெளியே கால் வைப்பதாகச் சொல்லி ஒப்புக்கொண்டாள்.

காப்பகத்துப் பெண்மணி எங்களை உட்காரவைத்து விசாரித்தார். எனக்கு அகதி விசாரணை நடந்தபோதுகூட இவ்வளவு தன்மையாகவும் இவ்வளவு நுணுக்கமாகவும் எவரும் கேட்கவில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், யாருக்காவது தும்மல் வருமா, சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பீர்களா. எல்லாவற்றிலும் தேறினேன். கடைசிக் கேள்வியில்தான் விழுந்தேன்.

"அடுத்த இரண்டு மாதங்களில் பயணம் ஏதும் உண்டா?"

காரணத்தையும் சொன்னார். புது வீட்டுக்கு வரும் எலி முதல் சில கிழமைகளில்தான் அந்த வீட்டு மனிதர்களின் மணத்தையும் குரலையும் பழகும். அந்த நேரத்தில் அதை அயலாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனால், பிறகு எந்தக் கைக்கும் வராது. ஆகவே பயணம் போகிறவர்கள் போய்வந்து எடுக்கட்டும். எடுத்தவர்கள் போகாமல் இருக்கட்டும். எலிக்கு ஆயுள் இரண்டு, மிஞ்சினால் இரண்டரை வருஷம். அதில் பயத்தில் கழிக்க அதற்கு நேரமில்லை.

"பயணம் இருக்கலாம்" என்றேன்.

"எப்போது?"

"தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். நாள் தெரியாமல் பயணம் போகும் ஒருவரை இந்த நாட்டில் அவர் அதுவரை சந்தித்திருக்கமாட்டார். நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க, ஆரணி தன் சுத்தமான ஜெர்மனில் விளக்கினாள்: "ஊரில் என் அப்பப்பா சாகப்போகிறார். அவர் செத்ததும் நாங்கள் போகவேண்டும். எப்போது என்று அப்பாவுக்கு இன்னும் தெரியவில்லை." ரயில் தாமதத்தை அறிவிப்பது போன்ற குரல்.

பெண்மணி பேனையைக் கீழே வைத்தார். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். உண்மையாகவே வருந்தினார், முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார்: "தெரிந்ததும் அறிவியுங்கள். அதுவரை எலிகளை வைத்திருக்கிறோம்."

2

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றை விளக்கவேண்டும். அப்பா செத்ததும் போகவேண்டும் என்றால், அதற்கு முன்னரே போனால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயம். இங்கே இருக்கும் நாங்கள் அதைக் கேட்பதில்லை.

எங்களிடம் செத்தவீட்டு லீவு என்று ஒன்று உண்டு. எந்த வேலைத்தலமும் அந்தப் பெயரில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் லீவு தருவதில்லை. எங்களுடைய சொந்த விடுமுறையைத்தான் அப்படி ஒதுக்கி வைக்கிறோம். ஊரில் தாய் தகப்பனுக்கு நோய் வருத்தம் முற்றிவிட்டது என்று தெரிந்தால், அந்த வருஷத்து விடுமுறையில் ஒரு நாளையும் தொடமாட்டோம். கடற்கரைக்குப் போகமாட்டோம், பல்லுக் கொதித்தாலும் வேலைக்குப் போவோம். சாவுச் செய்தி வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பறப்போம். ஊரிலும் அதற்கேற்பப் பழகிவிட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை உடலை மருந்தேற்றி வைத்திருப்பார்கள். பிள்ளை வந்து வாய்க்கரிசி போட்டு, எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடித்து, அவசரம் அவசரமாகத் திரும்பி வேலைக்கு ஓடும்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை ஒன்றுதான்: உயிரோடு இருப்பவருக்கு அதில் இடம் இல்லை. அதை எவரும் பெரிதாக எடுப்பதில்லை. உயிரோடு இருப்பவரைக் கைத்தொலைபேசியில் பார்க்கலாம்தானே.

என்னோடு பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்யும் யோகன், கதிரவெளிக்காரன், இந்த விதியை ஒருமுறை மீறியவன். தாய்க்குக் கடுமை என்று கேள்விப்பட்டு உடனே ஓடினான். தாய் எழுந்து உட்கார்ந்து, அவனுக்கு நண்டுக்கறி சமைக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்த்தார். மகிழ்ச்சியாகத் திரும்பி வந்தான். வந்த கிழமையே தாய் போய்விட்டார். லீவு இல்லை. இளையவன்தான் எல்லாம் செய்தான். அதன் பிறகு எங்கள் வட்டாரத்தில் யாருக்கு வருத்தச் செய்தி வந்தாலும் யோகனிடம்தான் புத்தி கேட்பார்கள். அவனும் சளைக்காமல் சொல்லுவான்: "அவசரப்படாத மச்சான். நண்டுக்கறி திண்டுட்டு வந்து நான் பட்டது காணும்."

3

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போவான். நான் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டேன், அவ்வளவுதான். ஆகவே பனிச்சங்கேணி வீடு அக்காவுடையது. அப்பா அதில் அவளோடும் அத்தானோடும் இருந்தார்.

"அப்பா எப்பிடி அக்கா?"

"இருக்கிறார். கஞ்சி குடிச்சவர்."

"டொக்டர் என்ன சொல்றார்?"

"போன முறை சொன்னதுதான். ரெண்டு கிட்னியும் சரிவராதாம். மெசினில போட்டு ரத்தம் சுத்தம் பண்ணப் போவம் எண்டா, அவர் மாட்டன் எண்டுட்டார்."

"அப்ப... எவ்வளவு காலத்துக்கு...?"

"ஏன் கேக்கிற?"

"சும்மா."

அக்காவிடம் சும்மா என்பது சிறுவயதிலிருந்தே எடுபட்டதில்லை. அவள் மறுமுனையில் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பவர்களிடம் நான் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். அகதி விசாரணையிலும் அதுதான் நடந்தது. காப்பகம், எலி, இரண்டு மாதம், எல்லாம் சொன்னேன்.

"தம்பி" என்றாள் அக்கா, "இப்ப நீ நாள் பாக்கிறது எலிக்கா, அப்பாவுக்கா?"

நான் பதில் தேடுவதற்குள் அப்பாவின் குரல் கேட்டது. அக்கா தொலைபேசியை எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத்தான் கதைப்பாள் என்பதை நான் மறந்திருந்தேன்.

"என்னகா எலி? ஆருக்கு எலி?"

"ஆரணிக்கு, அப்பா. வளக்கிறதுக்கு" என்றேன்.

"எலியையா?"

"ஓம்."

பிறகு மிகுந்த கரிசனையோடு கேட்டார்: "மனே, நீ அங்க சுகமாத்தானே இருக்கிற?"

அப்பா முல்லைக்காரர். போடியார் என்னும் நிலச் சொந்தக்காரருக்காக விதைப்பு முதல் வெட்டு வரை வயலையும் ஆட்களையும் பொறுப்பேற்று நடத்துகிறவருக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். அவருடைய வட்டையில், அந்த வயல்வெளியில், யானையும் இறங்கும், பன்றியும் இறங்கும். யானைக்கு வெடி, பன்றிக்கு வேலி, எலிக்கு மட்டும்தான் மூளை வேண்டும் என்பார். கதிர் கட்டும் குடலைப் பருவத்தில் எலி வெட்டிய வெள்ளாமையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, சோற்றுக்கோப்பையைத் தள்ளிவைத்த மனிதர். நடக்க முடியாமல் போனபின் அத்தான்தான் அந்த வயலைச் செய்தார்.

"காசு குடுத்தா எடுக்கிற? இஞ்ச வட்டைக்கு வாவன், சாக்கில அள்ளிக் கட்டித் தாறன்."

"அது வேற எலி அப்பா. இது சாதுவானது."

"சாதுவான எலி!" அந்தச் சொற்கள் அவருக்குச் சிரிப்பூட்டின. சிரிப்பு இருமலாகி, அக்கா தண்ணீர் கொடுத்து, இருமல் அடங்கியது. "ரெண்டு மாசமா கேட்ட நீ?"

"இல்லப்பா, அது... அவங்க காப்பகத்தில..."

"மாசியில வெட்டு. வெள்ளாமை வெட்டி ஏத்தாம நான் எங்கயும் போகமாட்டன். நீ புள்ளைக்கு எலியை எடுத்துக் குடு."

இப்படியாக, சாகப்போகிற ஒரு மனிதர் தன் பேத்தியின் எலிகளுக்காகத் தன் சாவைத் தள்ளிவைத்துத் தந்தார். நான் நன்றி சொன்னேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருக்கும் இடங்களில் இது முதலாவது. மறுநாளே காப்பகத்துக்கு அறிவித்துவிட்டேன்: மாசிக்கு முன் பயணம் இல்லை.

4

எலிகள் மார்கழி பிறக்கும் முன் வந்தன. அண்ணன் தம்பி என்றார்கள். ஒன்று வெள்ளையில் கறுப்புத் தலை, மற்றது சாம்பல். முதல் சில நாட்கள் இரண்டும் துணிக்குள் புகுந்து கிடந்தன. ஆரணி பள்ளிக்கூடம் விட்டு வந்து, கூட்டுக்குள் கையை வைத்துக்கொண்டு அசையாமல் வீட்டுப்பாடம் வாசிப்பாள்.

அதுவரை எனக்கும் அப்பாவுக்கும் இருந்த உரையாடல் இது: சாப்பிட்டியா, சாப்பிட்டன், மழையா, மழை, அங்க குளிரா, குளிர், சரி அக்காட்டக் குடுக்கிறன். இருபத்தைந்து வருஷமாக இதில் ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. எலிகள் வந்ததும் அப்பா என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டார். அக்காவே எடுப்பாள்: "தம்பி, புள்ளையிட்டக் குடு. இவருக்கு எலி பாக்கவேணுமாம்."

ஆரணியின் தமிழ் ஊன்றுகோல் பிடித்து நடக்கிற தமிழ். ஜெர்மனில் யோசித்து, ஒவ்வொரு சொல்லாக மாற்றிச் சொல்லுவாள். "அப்பப்பா, இவர் கோபம் இல்லை. இவருக்குப் பயம் இருக்குது."

"பயந்ததுதான் புள்ள கடிக்கும். கையை எடுக்காத. எடுத்தா, தான் வெண்டுட்டன் எண்டு நினைக்கும்."

பொறி வைத்த காலத்து அனுபவத்தை அப்படியே திருப்பிப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாக இருந்ததென்று சொல்லமாட்டேன். கருவாட்டுத் தலை போடச் சொன்னார். உப்பு கூடாது என்று ஆரணி மறுத்துவிட்டாள். அப்பா உடனே ஒத்துக்கொண்டார். "எனக்கும் உப்பு வேணாம் எண்டுதான் டொக்டர் சொன்னவர். அதுகளுக்கும் கிட்னி இருக்கும்தானே."

பெயரும் அவர்தான் வைத்தார். சாப்பாட்டுக் கிண்ணத்துக்குள்ளேயே உட்கார்ந்து தின்னும் கறுப்புத் தலை போடியார். கிடைத்ததையெல்லாம் வாயில் கவ்விக்கொண்டு கூட்டுக்குள் சேர்க்கும் சாம்பல் முல்லைக்காரன். ஆரணி தன் சிநேகிதிகளுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது சுவிஸில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு மட்டக்களப்பு நிலவுடைமை முறையில் அடிப்படை அறிவு உண்டு.

ஒருநாள் அப்பா கேட்டார்: "புள்ள, இதுகள் எத்தனை காலம் இருக்கும்?"

"ரெண்டு வருஷம், அப்பப்பா. கூடினால் ரெண்டரை."

"அப்ப என்னைவிடக் கூட."

நான் பக்கத்து அறையில் நின்றேன். ஓடிப்போய்த் தொலைபேசியைப் பிடுங்க நினைத்தேன். ஆரணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், அப்பப்பா" என்றாள்.

அப்பாவின் சிரிப்பு திரையை நிறைத்தது. பல் இரண்டு குறைந்திருந்ததை அப்போதுதான் கண்டேன். "இஞ்ச ஒருத்தரும் அப்பிடிச் சொல்றாங்க இல்ல புள்ள. நூறு வருஷம் இருப்பீங்களாம் எண்டு புழுகிறாங்க."

5

தைப்பொங்கல் முடிந்த மறுநாள் அக்கா எடுத்தாள். ஒலிபெருக்கி இல்லாமல், கிணற்றடியில் நின்று கதைத்தாள்.

"கால் ரெண்டும் வீங்கிற்று. படுத்தா மூச்சு முட்டுது, இருந்தபடிதான் நித்திரை. டொக்டர் ஒண்டும் சொல்றார் இல்ல, தலையை மட்டும் ஆட்டுறார். வாறதெண்டா வா தம்பி. நான் சொல்லிட்டன்."

"மாசி மட்டும் இருப்பன் எண்டார்தானே" என்றேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சொன்னேன். ஒப்பந்தத்தை மீறிய ஒப்பந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னேன்.

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வேலையில் யோகனிடம் சொன்னேன். பொதிகள் ஓடும் பட்டையின் அந்தப் பக்கத்தில் நின்று தலையசைத்தான். "மூச்சு முட்டுது எண்டா இன்னும் காலம் இருக்குது. என்ட அம்மாவுக்கும் அப்பிடித்தான். பொறு." பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பேர், அவர்களும் எங்கள் ஆட்கள்தான், பொறு என்றார்கள். மூன்று பேர் ஒரே புத்தி சொன்னதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது முல்லைக்காரன் ஆரணியின் சட்டைக்கைக்குள் இருந்தது. அதற்கு முதல்நாள்தான் முதன்முறையாகத் தானாகக் கையில் ஏறியிருந்தது.

"அத்தை அம்மாவோட கதைச்சா" என்றாள். "நீங்கள் எப்ப போறீங்கள்?"

"இப்ப இல்ல. பாப்பம்."

"ஏன்?"

"எலிகள் வந்து இன்னும் ரெண்டு மாசம் ஆகல்லையே. காப்பகத்தில சொல்லியிருக்கிறம். இப்பதான் கைக்கு வரத் தொடங்கியிருக்குதுகள்..."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். விளங்காத பாடம் ஒன்றைப் பார்ப்பதுபோல் இருந்தது பார்வை. தமிழில் தொடங்கினாள்: "எலிக்கு நான் இருக்கிறன். அம்மா இருக்கிறா. போறது நீங்கள் மட்டும்." அதற்கு மேல் தமிழ் அவளுக்குப் போதவில்லை. ஜெர்மனுக்கு மாறி, நிதானமாக, என் காதுக்கு எட்டும் வேகத்தில் சொன்னாள். எலிகளுக்கு என்னைத் தெரியாது. நான் ஒருநாளும் கூட்டுக்குள் கை வைத்ததில்லை. நான் போனாலும் வந்தாலும் அவை கவனிக்கப்போவதில்லை.

அவள் குற்றம் சாட்டவில்லை. தகவல் சொன்னாள். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். மூன்று பேரும் ஒன்றாகப் போகவேண்டும் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. செத்தவீட்டுக்குக் குடும்பமாகப் போவது வழக்கம். உயிரோடு இருப்பவரைப் பார்க்க ஒரு ஆள் போதும். இவ்வளவு காலமும் ஒரு கையளவு எலியின் பின்னால் முழு மனிதன் ஒளிந்து நின்றிருக்கிறேன்.

அடுத்த நாள் லீவு முழுவதையும் கேட்டேன். யோகன் என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை.

6

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வாடகை வான் பிடித்து வந்தேன். ஓட்டமாவடியில் தேநீர் குடிக்க நிறுத்திய இடத்தில், கடைக்காரர் என் பெட்டியைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "மௌத்தா தம்பி?" சாவு ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பனிச்சங்கேணிப் பாலத்தில் இரண்டு பக்கமும் மாரி வெள்ளம், தண்ணீர் சேற்று நிறத்தில் இருந்தது.

வண்டியிலிருந்து நான் இறங்கியதை யார் கண்டார்களோ தெரியாது. பெட்டியை முற்றத்தில் வைத்து முகம் கழுவுவதற்குள் சனம் வந்துவிட்டது. கோயிலடியிலிருந்து இரண்டு பேர் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்காகத் தூக்கி வந்து இறக்கினார்கள். ஒருவர் வெள்ளை வேட்டியோடு வந்தார். பக்கத்து வளவு மாமி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "போயிட்டாராடா என்ட அண்ணன்!" என்று குரல் எடுத்தாள். வெளிநாட்டுப் பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான்.

அக்கா அகப்பையோடு வெளியே வந்தாள். "ஆருகா போனது? மனுசன் உள்ள இருந்து கஞ்சி குடிக்கிறார். கதிரையைத் தூக்குங்கடா!"

கதிரைகளை மறுபடி அடுக்கிய சத்தத்துக்கிடையில் நான் உள்ளே போனேன். அப்பா கட்டிலில் தலையணைகளைச் சாய்ந்து இருந்தார். கைத்தொலைபேசி காட்டிய அப்பா தோளுக்கு மேலே மட்டும். மற்ற அப்பாவை அன்றுதான் பார்த்தேன். கால்கள் வேறு யாருடையவோபோல ஊதிக் கிடந்தன, கைகள் இரண்டும் சுள்ளி.

என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலால் கதவு வழியே கதிரைகளைப் பார்த்தார்.

"டொக்டர் உனக்கு என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லல்லப்பா. சும்மா பாக்க வந்தன்."

"சும்மா?"

"ஓம்."

"லீவு?"

"எடுத்துட்டன்."

"மறுகா?"

மறுகா என்றால் எங்கள் ஊரில், பிறகு என்ன என்று அர்த்தம். பிறகு என்ன செய்வாய் என்று கேட்டார். பாப்பம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததை யோகனின் கதையிலிருந்து பெயர்த்தெடுத்ததாக நீங்கள் நினைக்கக்கூடும். அப்பா தெளிந்தார். இரண்டாம் நாள் தானாகக் கரண்டி பிடித்தார். வீக்கம் கொஞ்சம் வற்றியது. அக்கா உப்பில்லாமல் வைத்த மீன் குழம்பை முகம் சுளித்துக்கொண்டு தின்றார். எல்லாரும் பெற்ற பிள்ளையைக் கண்ட தெம்பு என்றார்கள். நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். எனக்கு அது தேவைப்பட்டது.

ஆனால் கதைக்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. நேரில் இருக்கும்போது சாப்பிட்டியா என்றும் கேட்க முடியாது, சாப்பிடுவது தெரிகிறதே. ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தால் இரண்டு முறை தொண்டையைச் செருமுவோம். கடைசியில் அப்பாவே, "புள்ளைக்குப் போன் அடி. எலி பாப்பம்" என்பார். அவ்வளவு தூரம் பறந்து வந்து, தகப்பனின் கட்டிலில் தோளோடு தோள் இருந்து, சுவிஸில் இருக்கும் எலிகளைப் பார்த்தேன். போடியார் வெள்ளரிக்காய் தின்றார். முல்லைக்காரன் துணியைக் கிழித்து மெத்தை கட்டினான். அப்பாவின் தோள் என் தோளில் பாரமில்லாமல் கிடந்தது. அந்தப் பதினைந்து நாளில் எங்கள் நெருக்கம் என்பது அதுதான், குறை சொல்லமாட்டேன்.

ஒருநாள் வட்டையைப் பார்க்கவேண்டும் என்றார். அக்கா மறுத்தாள். அப்பா பிடிவாதம் பிடித்தார். அத்தான் ஓட்டோவின் பின்சீட்டில் தலையணை அடுக்கி, நான் அவரைப் பிடித்துக்கொள்ள, வாய்க்கால் கட்டு வரை போனோம். வெள்ளாமை இடுப்பளவு நின்றது. நடுவில் ஓரிடத்தில், பாய் விரிக்கும் அகலத்துக்கு, தாள்கள் வெட்டுண்டு சாய்ந்து கிடந்தன. அப்பா தூரத்திலிருந்தே கண்டுவிட்டார்.

"எலி" என்றார் அத்தானிடம். "இண்டைக்கே நஞ்சு வை. வரம்பு நீளத்துக்கு வை."

"ஓம் மாமா."

"புள்ளையிட்டச் சொல்லாதிங்க" என்றார் என்னிடம். பிறகு நீண்ட நேரம் வயலைப் பார்த்தபடி இருந்தார். போவமா என்று அத்தான் கேட்டதற்கு, பொறு என்றார். மூன்றாம் முறை கேட்டபோதுதான் தலையசைத்தார்.

நான் வெளிக்கிட்ட அன்று சட்டை போட்டுவிடச் சொன்னார். என்னை வழியனுப்ப வெறும் மேலோடு இருக்கக்கூடாதாம். பொத்தான்களை நான்தான் பூட்டினேன். "போய்ச் சேந்ததும் அடி" என்றார். அடித்தேன். அக்கா எடுத்தாள், அவர் நித்திரை என்றாள்.

7

நான் திரும்பி இரண்டு கிழமை ஆகவில்லை. மாசி பிறந்திருக்கவில்லை, வெட்டுக்கு ஆட்கள் பேசவும் இல்லை.

காலையில் வேலைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னாள். அழவில்லை. "வைக்கட்டா?" என்று மட்டும் கேட்டாள். நான் வரும்வரை உடலை வைத்திருக்கவா என்று அர்த்தம். தகப்பன் செத்தால் இங்கே தரும் லீவு பனிச்சங்கேணிக்குப் போய் இறங்கவே போதாது. என்னுடையதில் ஒரு நாளும் மீதம் இல்லை.

"வேணாம். எடுங்க" என்றேன்.

வாய்க்கரிசியை அத்தான் போட்டார். முதல் பிடி மண்ணும் அவர்தான். ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் கைத்தொலைபேசியைப் பிடித்தான். பாதி நேரம் யாரோ ஒருவரின் முதுகும் மீதி நேரம் வானமும் தெரிந்தன. கதிரைகள் தெரிந்தன, அன்று திருப்பியனுப்பிய அதே கதிரைகள், இம்முறை எவரும் தூக்கச் சொல்லவில்லை. ஆரணி என் பக்கத்தில் இருந்தாள். போடியார் அவள் சட்டைக் கழுத்துக்குள் நித்திரை. "ஏன் இப்ப வானத்தைக் காட்டுறாங்கள்?" என்று கேட்டாள். கை நடுங்குது போல என்றேன். அவள் எழுந்துபோய் முல்லைக்காரனையும் எடுத்து வந்து, அதன் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. அப்பாவை அதிகம் பார்த்தவை அவைதான்.

யோகன் வடையும் பழமும் கொண்டு வந்தான். 'நான் சொன்னன்தானே' என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருக்க அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. அவனைவிட நான் தேவலை என்றுகூட உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. அவன் பிழையாகப் போனவன். நான் தெரிந்துகொண்டு போனவன். சாவுக்கு ஒதுக்கியதை உயிரோடு இருந்த மனிதருக்குச் செலவழித்தவன். நீங்கள் சிரிக்கலாம். பொதிகளைப் பிரிக்கும்போதெல்லாம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன், முப்பத்தோராம் நாள் வரை.

அன்று படையல் முடிந்து, சனம் கலைந்து, அக்கா ஓய்ந்து இருந்து எடுத்தாள். யார் யார் வந்தார்கள், என்ன கறி போதாமல் போனது, எல்லாம் சொன்னாள். அவள் வைக்கப்போகும் நேரத்தில், எனக்கு ஒரு அத்தாட்சி வேண்டியிருந்தது.

"அக்கா, நான் வந்து பாத்தது நல்லதுதானே? அப்பாவுக்கும் சந்தோசம்தானே?"

"ஏன் இல்லாம? சந்தோசம்தான்" என்றாள். பிறகு, எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்ததுபோல, சாதாரணமாகச் சொன்னாள்: "ஆனா நீ வந்த அண்டைக்குத்தான் மனுசன் மனசை விட்டவர் தம்பி. உன்னைக் கண்டிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னவர், 'அவன் வந்திட்டான்கா. அப்ப எனக்கு முடிஞ்சுதாக்கும்.'"